கொரோனாவில் போனவர்களின் துக்கம் ஏன் இன்னும் ஆறவில்லை?

"துக்கத்துக்கு அஞ்சு கட்டம்" என்று ஒரு படம் வட்ஸ்அப்பில் வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. மறுப்பு, கோபம், பேரம் பேசுதல், மனச்சோர்வு, ஏற்றுக்கொள்ளல். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது, ஐந்தையும் முடித்துவிட்டால் ஆள் பழையபடி ஆகிவிடுவார் என்கிற மாதிரி. இதை மனதில் வைத்துக்கொண்டு, 2021இல் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையிடம் "நீ இன்னும் மறுப்புலயே நிக்கிற" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் இந்த வம்புக்கே போகமாட்டார்கள், "காலம் ஆத்தும்மா, விடு" என்பார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் கேட்கிறவருக்கு என்ன தோன்றும்? ஊரில் எல்லாருக்கும் ஆறுகிறது, எனக்கு மட்டும் ஆறவில்லை, எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும்.

துயர் ஆறுவதற்கு வேண்டிய சில காரியங்கள் பெருந்தொற்றுக் காலத்தில் நடக்கவே இல்லை. அவை என்ன, அவை நடக்காவிட்டால் மனதுக்குள் என்ன ஆகிறது, இப்போது என்ன செய்யலாம் என்பதை இலங்கையின் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டப்புறத்தை வைத்தே சொல்லப்பார்க்கிறேன். மனநலம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

## அந்த அஞ்சு கட்டம் யாருக்காக?

அது எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்கிற மனநல மருத்துவர் 1969இல் எழுதியது. அவர் உட்கார்ந்து பேசியது சாகப்போகிற நோயாளிகளோடு. தனக்கு இனிப் பிழைப்பில்லை என்று தெரிந்த ஒருவர் மனதில் என்னென்ன ஓடுகிறது என்றுதான் அவர் கேட்டார். ஆளைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற குடும்பத்துக்கு அதை எடுத்துப் பொருத்தியது பின்னால் வந்த பழக்கம். அந்த ஐந்தும் வரவே வராது என்று சொல்லவில்லை, வரும். வரிசையில் வராது, ஒரே நாளில் மூன்று வரும், சிலருக்குச் சிலது வராமலே போகும். காலையில் கொழுந்தெடுக்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாரோ அந்தப் பெயரைச் சொன்னதும் உடைந்துபோவார். இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

## காதுக்குத் தெரியும், கைக்கும் காலுக்கும் தெரியாது

இரண்டு சொல்லை முதலில் பிரித்து வைத்துக்கொள்வோம். இழப்பால் உள்ளே நடப்பது துயர். அதை நாலு பேர் அறிய வெளியே செய்வது, அதாவது அழுவது, ஆள் கூடுவது, கருமாதி செய்வது, இதெல்லாம் துக்கம் காத்தல்.

சரி, துயர் உள்ளே என்ன செய்கிறது? லயத்திலிருந்து, அதாவது தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகளிலிருந்து, தனி வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கு இது சட்டென்று புரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஒற்றை அறையில், அந்தக் காம்பராவில், பிறந்து வளர்ந்து, பிள்ளை குட்டியும் பெற்று, பிறகு ஏழு பேர்ச் காணியில் கட்டின புது வீட்டுக்குப் போகிறோம். பகலில் ஒரு தொல்லையும் இல்லை. ராத்திரி எழுந்தால் கை தானாகப் பழைய காம்பராவில் சுவிட்ச் இருந்த பக்கம் போய்ச் சுவரைத் தடவும். மழைக்கு ஓடிவரும்போது கால் பழைய லயத்துப் பக்கம் திரும்பும். வீடு மாறினது தெரியாமலா? தெரியும். ஆனால் மூளை வைத்திருக்கிற வரைபடம் இன்னும் மாறவில்லை. அது மாற, கை பல தடவை வெறுஞ்சுவரில் பட்டாகவேண்டும்.

கூடவே வாழ்ந்த மனிதரும் அந்த வரைபடத்தில் இருக்கிறார். இந்நேரம் தேயிலை மலையில் வேலை முடிந்து வந்திருப்பார், வாசலில் செருமுகிற சத்தம் கேட்கும், அடுப்பில் அவருக்கு ரெண்டு ரொட்டி என்று மூளை நாள் முழுக்க நம்மைக் கேட்காமலே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். இதற்கு எதிர்பார்ப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆள் போன பிறகும் அது நிற்காது. எதிர்பார்த்து, ஆள் இல்லை என்று ஆகிற ஒவ்வொரு தடவையும் ஒரு குத்து விழும். துயரில் பெரும்பகுதி அந்தக் குத்துத்தான். மூளை கற்றுக்கொள்வதும் அதே குத்து வழியாகத்தான். "காலம் ஆத்தும்" என்கிறோமே, சும்மா ஓடுகிற காலம் எதையும் ஆற்றாது, அந்தக் காலத்துக்குள் இந்தக் கற்றல் நடந்தால்தான் உண்டு.

குடிபோகும்போது நாமே பானை சட்டியைத் தூக்கிப்போய், பால் காய்ச்சி, சாமிப்படத்தை ஆணியடித்து மாட்டினால் புது வீடு சீக்கிரம் பழகும். தூங்கிக்கொண்டிருந்தவரை யாரோ தூக்கிக்கொண்டுபோய் வேறு வீட்டில் படுக்கவைத்துவிட்டு, "இனி இதுதான் உன் வீடு" என்று போனில் சொன்னால் எத்தனை நாள் பிடிக்கும்?

## சாவு வீட்டில் நடக்கிற வேலை

சடங்கெல்லாம் சம்பிரதாயத்துக்கு என்று நினைக்கிறவர்கள் ஒரு தோட்டத்துச் சாவு வீட்டைக் கவனித்துப் பார்க்கவேண்டும். தப்பு மேளத்தின் சத்தம் கேட்டதும் அடுத்த டிவிசனுக்குச் சேதி போய்விடும். ரோட்டோரம் வெள்ளைக்கொடி ஏறும். மரண உதவிச் சங்கத்துக் கதிரைகள் வரும், வெறுந்தேத்தண்ணியும் வெற்றிலையும் ராத்திரி முழுக்க ஓடும். பெட்டி திறந்தபடி காம்பராவுக்குள் இருக்கும். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் முகத்தைப் பார்ப்பார்கள், வீட்டுக்காரர்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், அப்புறம் வெளியே உட்கார்ந்து எப்போது முடியாமல் போனது, கடைசியாக என்ன சாப்பிட்டார், யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்பார்கள். அதே கதையை வீட்டுக்காரர் ஒரே ராத்திரியில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. குளிப்பாட்டுகிற கைக்கு உடம்பின் குளிர்ச்சி தெரிகிறது. வாய்க்கரிசி போடுகிறோம், குழிக்குள் மண் தள்ளுகிறோம்.

இது ஒவ்வொன்றும் மூளைக்குக் கிடைக்கிற சாட்சி. கண், கை, காது என்று எல்லா வழியிலும், இரண்டே நாளில், ஊரே சேர்ந்து கொடுக்கிற சாட்சி.

ஒப்பாரியைத் தனியாகச் சொல்லவேண்டும். ஒப்பாரி வைக்கிற பாட்டி செத்தவரைப் பற்றிப் பேசுவதில்லை, செத்தவரிடமே பேசுகிறாள். ஏன் விட்டுட்டுப் போன என்று சண்டை பிடிப்பாள், அவர் வாங்கிக்கொடுத்த சீலையைச் சொல்வாள், கடைசிவரை கொடுக்காத கடனையும் சொல்வாள். சபையில் சொல்லமுடியாத கோபத்துக்குக்கூட அங்கே இடமுண்டு. இது பின்னால் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்ததைச் சுருக்கிச் சொன்னால்: துயருக்கு நிரந்தர வரிசை கிடையாது. ஆள் இல்லை என்பதை மூளை மெதுவாகக் கற்கவேண்டும். துக்கம் காத்தல் அதற்கு உதவுகிறது.

## கொரோனாவில் எது நடக்காமல் போனது

இலங்கையில் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 28. அடுத்த மாதம், ஏப்ரல் 11ஆம் திகதி, கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயம் தகனம் செய்யவேண்டும் என்று வர்த்தமானி வந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று சொல்லியிருந்த காலம் அது. அடக்கம் மதக்கடமையாக உள்ள முஸ்லிம் மக்களுக்கு இது எவ்வளவு பெரிய காயம் என்று நாடே அறியும். பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலை 2020 டிசம்பரில் தகனம் செய்தபிறகு, பொரளை கனத்தை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத்துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அந்த விதி மாறியது. மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024இல் அரசாங்கம் முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கேட்பதாக அமைச்சரவையில் முடிவெடுத்தது.

தோட்டப்புறத்தில் இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. இந்துக்களானாலும் எங்களில் பெரும்பாலும் புதைக்கிற வழக்கம்தான். பாட்டன் பூட்டனெல்லாம் தேயிலைக்கு நடுவில்தான் கிடக்கிறார்கள். மலைக்குப் போகிற வழியில் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். கொரோனாவில் போனவருக்கு அந்த இடம் இல்லை.

கொரோனா இல்லாமல் மாரடைப்பில் போனவருக்கும் பி.சி.ஆர். என்கிற கொரோனா பரிசோதனையின் முடிவு வரும்வரை உடல் கையில் கிடைக்காத காலம் அது. கிடைத்தாலும் சீக்கிரம் எடுத்துவிடவேண்டும், வருகிறவர்களை எண்ணி விடவேண்டும். கொழும்பில் கடையிலும் வீட்டு வேலையிலும் இருந்த பிள்ளைகள் வந்துசேர வழியில்லை. அந்த நாட்களில் என்ன நோயில் போயிருந்தாலும், குடும்பத்துக்கு நேர்ந்தது கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா. அவர் வீட்டுக்காரர் 2021 ஓகஸ்டில், நாட்டில் ஒரு நாளைக்கு இருநூறு மரணம் வரை போய்க்கொண்டிருந்த நேரத்தில், மூச்சு வாங்குகிறது என்று அம்புலன்சில் ஏறினார். பிடிக்கப் போனவர்களைத் தள்ளிவிட்டு "நானே ஏறிக்கிறேன்" என்று ஏறியவர். அக்கா அவரைக் கண்ணால் பார்த்தது அதுதான் கடைசி. பிறகு போனில் பேசினார், பிறகு போனை எடுக்கவில்லை, பிறகு மகனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. மகன் மட்டும் போய்த் தள்ளி நின்று மூடின பெட்டியைப் பார்த்தான். தகனத்தை வீடியோ கோலில் காட்டினான். லயத்தில் சிக்னல் கிடைக்காது, அக்கா மேலே தண்ணித் தாங்கிப் பக்கம் ஏறிப்போய்ப் பார்த்தார். பெட்டி உள்ளே போகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. சாரம், சார்ஜர், அவருடைய பழைய போன் மூன்றும் ஒரு பொலிதீன் பையில் வீட்டுக்கு வந்தன. அந்த இலக்கம் வெட்டுப்பட்டுவிடக்கூடாது என்று அக்கா இன்றைக்கும் அதற்கு ரீலோட் போடுகிறார்.

"பைத்தியம் மாதிரி இருக்கா" என்றார்கள் பக்கத்து வீட்டில். மேலே சொன்ன கணக்கை வைத்துப் பாருங்கள். நடந்தே ஏறிப்போன மனிதர்தான் அவருடைய மூளையில் உள்ள கடைசிப் படம். அதற்குப் பிறகு கிடைத்ததெல்லாம் வாய்ச்சொல்லும், உறைந்துபோன ஒரு வீடியோவும். இதை வைத்துக்கொண்டு எந்த மூளை வரைபடத்தை மாற்றும்?

## இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது

போலீன் பாஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே தெளிவற்ற இழப்பு என்று ஒன்றைப் பற்றி எழுதத் தொடங்கினார். ஆள் போய்விட்டாரா இல்லையா என்று உறுதிப்படுத்த முடியாத இழப்பு அது. வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மலையகத்திலும் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண்சரிந்தபோது, தோண்டியும் உடல் கிடைக்காத குடும்பங்கள் இருந்தன. கொரோனா மரணத்தில் மரணச் சான்றிதழ் இருக்கிறது, சாம்பலும் கிடைத்திருக்கலாம். அப்படியிருந்தும் முகத்தைப் பார்க்காததால் "பெட்டிக்குள்ள அவர்தானா?" என்கிற கேள்வி ஒட்டிக்கொள்கிறது. முழுக்கத் தெளிவற்ற இழப்பு என்று சொல்லமுடியாது, அதன் பக்கத்து வீடு.

இன்னொன்று அங்கீகரிக்கப்படாத துயர். கென்னத் டோகா என்பவர் 1989இல் வைத்த பெயர். ஊர் "இதுவும் ஒரு துக்கம்" என்று ஒத்துக்கொள்ளாத துயர் அது. வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் தாளை ஒட்டிவிட்டுப் போனபிறகு, அந்த வீட்டுப் பிள்ளை பொதுப்பைப்புக்குத் தண்ணிக்கு வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தவர்கள் உண்டு. அவர்களையும் குறை சொல்லமுடியாது, எல்லாருக்கும் பயம். ஆனால் அந்த வீட்டில் சாவு விழுந்தபோது யாரும் வாசலுக்கு வரவில்லை. தாள் கிழிந்து, பயம் போய், ஊர் சகஜமான பிறகும் யாரும் போய்க் கேட்கவில்லை. பிந்திப் போய் என்ன கேட்பது என்று தயங்கினார்கள். இதில்தான் பல குடும்பம் அடிபட்டுப்போனது என்பது என் எண்ணம்.

## "நான்தான் கொண்டுவந்து கொடுத்தேனோ"

இந்தக் கேள்வி மற்ற மரணங்களில் இவ்வளவு வராது. கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வந்த மகன், ஆடைத்தொழிற்சாலைக்குப் போய்வந்த மகள், சம்பளம் எடுக்க டவுனுக்குப் போன மருமகள் என்று யாரோ ஒருவர் வருஷக்கணக்காக உள்ளுக்குள் இதைச் சுமந்துகொண்டிருப்பார், வாயைத் திறக்கமாட்டார். நடந்துமுடிந்ததை மனதுக்குள் மாற்றி ஓட்டிப் பார்க்கிற பழக்கம் எல்லா மனதுக்கும் உண்டு. நான் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால், முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் என்று அது ஓடும்.

அவர்களிடம் "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று சொல்லி ஒரு பலனும் இல்லை. உண்மையைச் சொல்வது மேல். காய்ச்சல், இருமல் வருவதற்கு முன்பே இந்தக் கிருமி அடுத்தவருக்குப் போகும். அறிகுறியே காட்டாதவரிடமிருந்தும் போகும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒரு வீட்டுக்குள் அறுதியிட்டுச் சொல்லமுடியாது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடும்பங்கள், பொதுப்பைப்பு, பொதுக் கக்கூஸ் என்று இருக்கிற லயத்தில் "தனி அறையில் இருங்கள்" என்ற அறிவுரைக்கு இடமே இல்லை. அந்த லயத்தை அப்படிக் கட்டிவைத்ததும் அந்த மகன் இல்லையே.

## அழவும் வேண்டும், பிழைக்கவும் வேண்டும்

அஞ்சு கட்டத்துக்குப் பதிலாக இப்போது பலரும் எடுத்துக்கொள்வது, நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் இருவரும் 1999இல் சொன்ன இருபக்க முறை. ஒரு பக்கம் இழப்பு: நினைப்பது, அழுவது, படத்தைப் பார்ப்பது. மறுபக்கம் பிழைப்பு: அவர் பார்த்த வேலையை யார் பார்ப்பது, சங்கக் கடனை யார் கட்டுவது, தனியாளாக எப்படி இருப்பது. மனது இந்த இரண்டுக்கும் நடுவில் போய்ப்போய் வரும். அப்படிப் போய்வருவதே ஆரோக்கியம் என்கிறார்கள். அழுதுகொண்டிருந்தவர் எழுந்து டீவி பார்த்துச் சிரித்தால் அது நடிப்பில்லை. பிள்ளைகள் இதில் இன்னும் வேகம், தாத்தாவைக் கேட்டு அழுத பிள்ளை பத்து நிமிடத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும், பாசமில்லை என்று அர்த்தமில்லை.

எங்கள் பக்கத்தில் என்ன ஆனதென்றால், ஒரு பக்கம் மற்றதை அமுக்கிவிட்டது. 2021இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவானது, ஆனால் எடுத்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். வீட்டில் ஒரு சம்பளம் குறைந்த பிறகு, தனிமைப்படுத்தல் முடிந்த மறுநாளே மலைக்குப் போகாமல் முடியாது. அந்தச் சூடு தணியுமுன் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது: கோதுமை மா எட்டாத விலை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மருந்துக்கு அலைச்சல். உட்கார்ந்து அழ யாருக்கு நேரம்? அதனால்தான் 2021இல் "தைரியமா இருந்தா" என்று ஊர் மெச்சியவர், நாலு வருஷம் கழித்து எவருடைய சாவு வீட்டிலோ போய் உடைந்து விழுகிறார். பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். அவருக்கு அது இப்போதுதான் முறை வந்திருக்கிறது.

## எப்போது வைத்தியம் வேண்டும்?

துயர் நோயல்ல. பெரும்பாலானவர்களுக்கு அது மருந்து மாத்திரை இல்லாமலே மெல்ல மெல்ல இளகும். ஒரு சிலருக்கு இளகாமல் கெட்டிப்பட்டு நிற்பதை நீடித்த துயர்க் கோளாறு என்கிறார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் அது இருக்கிறது, அங்கே 6 மாதத்தைத் தாண்டவேண்டும் என்பது கணக்கு. அதே வருஷம் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பெரியவர்களுக்கு 12 மாதம். பெருந்தொற்றுக்கு முந்திய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், நெருங்கியவரை இழந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது வரலாம் என்றார்கள்.

மாதத்தை மட்டும் எண்ணிப் பயப்படவேண்டாம். அனேகமாக ஒவ்வொரு நாளும் தாங்கமுடியாத ஏக்கம், பாதி தானே செத்துப்போன மாதிரி ஒரு உணர்வு, அவர் ஞாபகம் வரும் எந்த இடத்துக்கும் போகமுடியாமை, வேலை, சாப்பாடு, பிள்ளை என்று ஒன்றிலும் மனம் ஒட்டாமை, இவை சேர்ந்து நீண்டுகொண்டே போனால்தான் கவனிக்கவேண்டும். அக்கா ரீலோட் போடுவது மட்டும் நோயில்லை. அவர் மலைக்குப் போகிறார், பேரப்பிள்ளையைக் கொஞ்சுகிறார். ஆம்பளைகளில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், அழுகை வெளியே வராமல் சாராயமாக வரும், "பொஞ்சாதி போனதிலேர்ந்து குடிச்சே அழியிறான்" என்று ஊர் ஒரு வரியில் முடித்துவிடும்.

## பிந்திப்போய் என்ன செய்வது?

நிறைய இருக்கிறது. மூளை கற்க எதை வைத்துக் கற்கவேண்டுமோ அதைப் பிந்திக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளும்.

நீடித்த துயருக்கென்று அமெரிக்காவில் கேத்தரின் ஷியர் என்பவர் அமைத்த ஒரு பேச்சு வைத்தியம் இருக்கிறது, 16 அமர்வு. அதில் முக்கியமான இரண்டைக் கேளுங்கள். ஒன்று, மரணம் நடந்த கதையை முதலிலிருந்து கடைசிவரை திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. மற்றது, போனவரே எதிரில் இருப்பதாக நினைத்து அவரிடம் பேசவைப்பது. இதைப் படித்தபோது எனக்குத் தப்படிக்கிற வாசலும் ஒப்பாரிப் பாட்டியும்தான் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லவரவில்லை, பயிற்சி பெற்றவரின் வேலை வேறு. ஆனால் எங்கள் சாவு வீடு சும்மா இருக்கவில்லை என்பது விளங்குகிறது.

ஆகவே, அன்றைக்குச் செய்யாத கருமாதியை இந்த வருஷத் திதியோடு சேர்த்து ஆள் கூப்பிட்டுச் செய்யலாம். தப்பு வேண்டுமென்றால் தப்பு வைக்கலாம். சாம்பல்கூட இல்லையென்றால் அவருடைய சாரத்தையோ தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியையோ வைத்து, தோட்டத்து மயானத்தில் சொந்தக்காரர்களுக்குப் பக்கத்தில் ஒரு கல் நடலாம். கும்பிட ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களுக்கும் அவரவர் வழி இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இதைவிட லேசான வேலை. அன்றைக்கு வரமுடியவில்லை என்று சொல்லிக்கொண்டு இன்றைக்குப் போய் உட்காருங்கள். "எப்படிம்மா ஆச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாதீர்கள், விதி, கர்மா, ஆண்டவன் சித்தம் எதையும் இழுக்காதீர்கள், "எனக்கும் கொரோனா வந்துச்சு, தப்பிச்சுட்டேன்" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

அதற்கும் மேலே வேண்டுமென்றால், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை அலுவலர் இருப்பார், பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் உண்டு. 1926 தேசிய மனநல உதவி இலக்கம். சாகவேண்டும் என்று ஒருவர் பேசினால் கருமாதி, கல் எல்லாம் பிறகு, அன்றைக்கே அந்த இலக்கத்துக்கு அழையுங்கள் அல்லது ஆளைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சாதாரண கிளினிக் என்றால் எந்தக் கிழமை நடக்கிறது, தமிழில் பேச ஆள் உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, பஸ் காசும் செலவழித்துப் போய், கிளினிக் நாளில்லை என்று திரும்பிவருகிறவர் இரண்டாம் தடவை போகமாட்டார்.